இப்படிக்கு, மனுதாரர்

எனக்கு ஓட்டு வர இன்னும் ஏழு மாதம்.
அதற்குள் இறையாண்மையைப் பரீட்சையில்
மூன்று முறை எழுதிவிட்டேன்.
இரண்டு முறை ஐந்துக்கு நான்கு,
ஒருமுறை றகரம் தவறியதால் மூன்றரை.

பர்கூரிலிருந்து ஜெகதேவி வரும் பேருந்தில்
ஜன்னலுக்கு வெளியே மலையை
வெல்லக்கட்டி போல அறுத்து வைத்திருப்பார்கள்.
லாரிக்கு வழிவிட்டு நிற்கும்போதெல்லாம்
புத்தகத்தைத் திறந்துகொள்வேன்.
'அரசு என்பது மக்கள், நிலப்பகுதி, அரசாங்கம்...'
நிலப்பகுதி எங்களை முந்திக்கொண்டு
சென்னைத் துறைமுகத்துக்குப் போகும்.

தகவல் அறியும் சட்டத்தில்
மாதிரி மனு ஒன்று எழுதி வரச் சொன்னார்கள்.
வகுப்பே தெருவிளக்கு கேட்டது.
நான் கேட்டேன்:
எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கும்
கல்குவாரிக்கும் நடுவே
பதிவேட்டில் எத்தனை மீட்டர்?

கடைசி வீடு எங்களுடையது என்று எழுதவில்லை.
காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது சட்டம்.
ஏன், எதுக்கு, யார் சொல்லிக் கேக்கிற
என்று கேட்காத ஒரே பெரிய மனிதர்
எனக்குத் தெரிந்து
அந்தப் பிரிவுதான்.

மதிப்பெண் போட்டுத் திரும்பி வந்த மனுவை
நோட்டிலிருந்து கிழித்து
பத்து ரூபாய் வில்லை ஒட்டி
நிஜமாகவே அனுப்பிவிட்டேன்.
பதிவுத் தபால் காசு ருக்சானாவுடையது.
இன்னும் திருப்பித் தரவில்லை.

முதல் கடிதம் வந்தது:
தங்கள் மனு பிரிவு 6(3)இன்படி
வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது.
சத்தமாக வாசித்தேன்.
'தங்கள்னு யாரச் சொல்றான்?' என்றார் அப்பா.
'என்னத்தான்.'
அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு
தாளை வாங்கிப் பார்த்தார்.
குவாரியில் அவருக்குப் பெயர் 'யோவ்'.
சம்பள நோட்டில் மட்டும் மாதப்பன்.

இரண்டாவது கடிதம் இருபத்தாறாம் நாள்:
முந்நூற்றுப் பத்து மீட்டர்.

அப்பா ஒன்றும் பேசவில்லை.
அவர் போடும் துளையில்தான் மருந்து வைக்கிறார்கள்,
அந்த வெடியில்தான்
எங்கள் சமையல்கட்டுச் சுவர் பிளந்திருக்கிறது.
பிளவில் அம்மா சீப்பைச் செருகி வைக்கிறாள்.
மறுநாள் மேஸ்திரி கேட்டாராம்,
'உம் பொண்ணாமே?'
'கல்லு நின்னா கூலி நிக்கும், பாத்துக்க,'
என்று மட்டும் சொல்லிவிட்டு
கடிதத்தை ரேஷன் கார்டுக்குள் வைத்தார்.
கிழிக்கவில்லை.

'உரிமையும் கடமையும்
ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் - விவாதி.'
பத்து மதிப்பெண்.
விவாதித்தேன்.
சனிக்கிழமை சாயங்காலம் அந்த நாணயத்தை
எண்ணிக் கொடுப்பது யார் என்பது
பாடத்தில் இல்லை.

நீளம் தாண்டுதலுக்கான டேப் முப்பது மீட்டர்.
விளையாட்டு அறையில் கையெழுத்துப் போட்டு வாங்கினோம்.
ஞாயிற்றுக்கிழமை, வெடி இல்லாத நாள்,
எங்கள் வாசற்படியில் ருக்சானா ஒரு முனை, நான் ஒரு முனை.
ஒவ்வொரு முப்பதுக்கும் சாக்பீஸ் கோடு,
பாறை வந்தால் கோடு, முள் வந்தால் கூழாங்கல்.
ஐந்தாவது கோட்டில்
வாட்ச்மேன் திம்மராயன் டார்ச்சை அடித்தார்,
பட்டப்பகலில்.
'ஏய், யாரு நீங்க?'

மாதப்பன் மகள் என்று சொல்லியிருக்கலாம்.
பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு என்றும்.
வாயில் வந்தது,
'மனுதாரர்.'

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.
கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துவிட்டு
'நடுவுல தொங்குது பாரு,
தொங்கினா கணக்கு கூட வரும்,' என்றவர்
குனிந்து
ருக்சானா கையிலிருந்த முனையை வாங்கி
இழுத்துப் பிடித்தார்.

நூற்று எண்பத்தேழு.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் என்கிறது சட்டம்.
இன்று பதினொன்றாம் நாள்.
வெள்ளைத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.
அப்பா தூங்கட்டும்.